பூட்டை உடைச்சது நான்

உந்தக் கமராவை மடிச்சு வையுங்கோ தம்பி, படம் பிறகு எடுக்கலாம். முதல், கல்லில வெட்டப் போறதெண்டு ஒரு கடுதாசி கொண்டு வந்தீங்களே, அதை இன்னொருக்கா வாசியுங்கோ. ஆறுதலா. எனக்கு வலக்காது மந்தம், இந்தப் பக்கம் வந்து இருங்கோ.

"தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வின்போது ஆலயக் கதவுகளை அகதிகளுக்குத் திறந்துவிட்ட மூப்பர், அமரர் கபிரியேல்பிள்ளை அவர்களின் நினைவாக."

ம். வடிவான தமிழ். ஆர் எழுதினது, நீங்களோ? நூற்றாண்டு விழாக் கமிட்டியோ? கமிட்டியில ஆர் ஆர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு அவையில ஒருத்தரும் இந்த ஊரில இல்லை. சரி, அதை விடுங்கோ.

நான் சொல்லுறதை எழுதுங்கோ. அவர் கதவைத் திறக்கேல்லை. கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டினது அவர். திறப்பு, அதுதான் சாவி, அவரின்ர மடியில. பூட்டை உடைச்சது நான். பெற்றோனிலா. 'ற்' போட்டு எழுதுங்கோ.

அப்ப எனக்கு நாப்பத்திரண்டு வயசு. கலியாணம் கட்டேல்லை. தையல் மிசின் ஒண்டு வைச்சிருந்தன். கோயிலுக்கு அடுத்த வளவுதான் எங்கட. பீடத்துத் துணி தோய்க்கிறது, பூ வைக்கிறது, கூட்டுறது எல்லாம் நாங்கள் அஞ்சு பொம்பிளையள். ஒருத்தரும் கேட்டுச் செய்யேல்லை, ஒருத்தரும் கூலி தரேல்லை. சுவாமி, எங்கட குருவானவர், அவருக்கு எங்கடையோட சேத்து நாலு கோயில், மாசத்தில ரெண்டு ஞாயிறு வருவார். மிச்ச நாளெல்லாம் இராச்சியம் மூப்பரின்ர. அறுபத்திமூண்டு வயசு, பெண்சாதி செத்தவர், பிள்ளையள் வெளிநாடு. மணியடிக்கிறதும் அவர், செபம் சொல்லுறதும் அவர், பூட்டுறதும் அவர். சிரிச்சு நான் கண்டதில்லை.

ஒக்டோபர் முப்பதாம் தேதி பின்னேரம் வலிகாமத்துச் சனத்தை எல்லாம் வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்கள். நீங்கள் கேள்விப்பட்டிருப்பீங்கள். நாவற்குழிப் பாலத்தால ஒரு இரவு முழுக்க மழைக்குள்ள நடந்தது சனம். விடியக் காலமை நான் முத்தம் கூட்ட எழும்பிப் பாக்கிறன், கோயில் வளவு முழுக்கத் தலை. சைக்கிள் கரியரில கிழவி, கூடைக்குள்ள கோழி, தலையில சூட்கேசு. ஒரு சத்தம் இல்லை தம்பி. அவ்வளவு சனம் நிண்டும் ஒரு சத்தம் இல்லை. குழந்தையள்கூட அழேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது.

கதவடியில மூப்பர் நிக்கிறார். குடை பிடிச்சுக்கொண்டு.

"மூப்பர், திறவுங்கோ" எண்டன்.

"சுவாமி வரட்டும் பெற்றோனிலா. உள்ளுக்கு நற்கருணை இருக்கு. நாளைக்குச் சகல அர்ச்சியசிட்டர் திருநாள். நேற்றுத்தானே சுண்ணாம்பு அடிச்சு நிலம் கழுவினது."

"சுவாமி எந்தப் பாதையால வாறது? பாதை முழுக்கச் சனம்."

"பள்ளிக்கூடம் இருக்குத்தானே."

"பள்ளிக்கூடத்தில கால் வைக்க இடமில்லையாம்."

பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுக்குள்ள சொன்னார்: "ஆடி மாசம் பிளேன் குண்டு போட்டு, அந்தக் கோயிலடியில நிண்ட சனத்துக்கு என்ன நடந்ததெண்டு உமக்குத் தெரியும்தானே. ஒரு இடத்தில இவ்வளவு பேரையும் அடைச்சு வைச்சால், மேலால வாறவனுக்குக் கோயிலெண்டு தெரியுமோ?"

பயம், தம்பி. கடைசியில எல்லாம் பயம். அர்ச்சியசிட்டர், சுண்ணாம்பு, சுவாமி எல்லாம் பேச்சுக்கு. நான் வீட்டை போய் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தன். தேங்காய் உரிக்கிற இரும்பு அலவாங்கு. ஆமைப்பூட்டு ஒண்டு தொங்குது, எலுமிச்சங்காய் அளவில. மூண்டு அடி. மூண்டாவது அடியில வாய் பிளந்துது.

அவர் மறிக்கேல்லை, அதையும் சொல்ல வேணும். குடையைப் பிடிச்சபடி நிண்டு பாத்துக்கொண்டு நிண்டார். எல்லாம் முடிஞ்ச பிறகு சொன்னார்: "பூட்டு புதுசு, பெற்றோனிலா."

பூட்டு புதுசு! அறுநூறு சனம் நனைஞ்சுகொண்டு நிக்குது, இந்த மனிசனுக்குப் பூட்டு புதுசு! இருபது வருசத்துக்கு மேல போச்சு, இப்பவும் ராத்திரியில நினைச்சால் எனக்குக் கோவம் வரும். இதைக் கல்லில வெட்டுங்கோ.

உள்ளுக்கு முதல் போனது அவர்தான், மெய். போய் முழங்காலில நிண்டார். தோளில கிடந்த சால்வையால நற்கருணைப் பேழையை மூடி எடுத்து, ஒருத்தரையும் பாக்காமல், சனத்துக்கு நடுவால தன்ர வீட்டுக்குக் கொண்டு போனார். தன்ர அறையில வைச்சு, அறையைச் சாத்திப்போட்டு விறாந்தையில படுத்தார். ரெண்டாம் நாள் விறாந்தையிலயும் ஒரு குடும்பம். மூண்டாம் நாள் அவர் மாட்டுக்கொட்டிலுக்குள்ள படுத்திருக்கிறாரெண்டு சனம் சொல்லிச்சுது. எனக்கு உந்தக் கெப்பர், உந்தப் பெருமை பிடிக்கிறதில்லை. தரையில படுத்தால் புனிதரோ?

மற்ற நாள் காலமை பாக்கிறன், ஆள் கோயில் கூரையில. அறுபத்திமூண்டு வயசில, மழைக்குள்ள, தன்ர வெள்ளை வேட்டியை முகட்டுச் சிலுவையில கட்டுறார். கொடியாம். பிளேன்காரனுக்குத் தெரியவாம். இறங்கேக்கை மூண்டு ஓடு உடைச்சுப்போட்டார் தம்பி! அந்த ஓட்டையால ஒழுகின தண்ணி முழுக்க என்ர கஞ்சிக் கிடாரத்துக்கை. ஆரை நான் பேசுறது?

கஞ்சி எண்டால் சும்மா கஞ்சி இல்லை. நாங்கள் அஞ்சு பேர், ரெண்டு கிடாரம், அறுநூற்றி நாப்பது வாய். விறகு ஈரம். நான் சொன்னன், பாடகர் இருக்கிற மர வாங்கை விறகுக்குக் கொத்துவம் எண்டு. மூப்பர் பின்னேரம் தன்ர வண்டில் கொட்டிலைக் கழட்டி, மரம் மரமாச் சுமந்து கொண்டு வந்து என்ர அடுப்படியில போட்டார். வாங்கில கை வைக்க விடமாட்டாராம். எல்லாம் பழைய மரம், கறையான் அரிச்சது. எரியேக்கை ஒரே புகை. என்ர கண் அப்ப பழுதாப் போனதுதான்.

நீங்கள் எழுதுறீங்களோ, சும்மா தலையாட்டுறீங்களோ? எழுதுங்கோ.

மூண்டாம் கிழமை கிணத்தடிச் சண்டை. கோயில் கிணறு நல்ல தண்ணி. சுத்தவர எல்லாக் கிணறும் கலங்கிப் போச்சு, எங்கடையில மட்டும் ஊத்து நிக்கேல்லை. ஒரு நாள் ஒரு குடும்பம் குடத்தோட வருது. தாய், தகப்பன், மூண்டு பிள்ளையள். மூப்பர் வாளியைக் கையில பிடிச்சுக்கொண்டு கேக்கிறார், "நீங்கள் எந்தப் பகுதி?" உங்களுக்கு விளங்குதுதானே தம்பி. ஊர் கேக்கேல்லை, சாதி கேக்கிறார்.

அந்தத் தாய் குடத்தைக் கீழ வைச்சுப்போட்டு நிண்டாள்.

நான் அகப்பையோட ஓடினன். "மூப்பர், செல் குண்டு விழேக்கை பகுதி கேட்டே விழுந்தது? பாலத்தால வரேக்கை பகுதி பகுதியாவே வந்ததுகள்? உங்கட வாயால செபமாலை சொல்லாதேங்கோ இனி!" சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது. அவரின்ர முகம் சாம்பலாப் போச்சு. அந்தக் குடத்தை வாங்கி நிறைச்சார். நிறைச்சு, அந்தப் பொம்பிளையின்ர இடுப்பில தானே தூக்கி வைச்சார்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலமை தொடக்கம் மத்தியானம் மட்டும் கிணத்தடியில தானே நிண்டு அள்ளினார். எல்லாருக்கும் அள்ளினார். ஏனெண்டு நினைக்கிறீங்கள்? வாளியை ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு! எனக்குத் தெரியாதோ ஆளை? எங்கட பொம்பிளையள் சொல்லுவினம், "இல்லை பெற்றோனிலா, அந்த மனிசனின்ர உள்ளங்கையைப் பாத்தனீரோ, தோல் கழண்டு போய்க் கிடக்கு" எண்டு. தோல் கழண்டால்? கயிறு எண்டால் கை உரியும்தானே.

சிவகலையைப் பற்றிச் சொல்ல வேணும். கோண்டாவில் பக்கத்துப் பிள்ளை, சைவம், எட்டு மாச வயிறு. புருசன் சங்கக்கடையில கணக்கப்பிள்ளையா இருந்தவன். பாலத்தடி நெரிசலில அவனைத் தவறவிட்டிட்டுத் தனிய வந்தவள். என்ர அடுப்படியில வந்து இருந்துகொண்டு வெங்காயம் உரிப்பாள், பேச மாட்டாள். கார்த்திகை கடைசியில, ஒரு மத்தியானம், கஞ்சி வார்க்கிற நேரம் நோக் கண்டிட்டுது. ஆஸ்பத்திரி எங்க? பீடத்துக்குப் பின்னால, சுவாமி உடுப்பு மாத்திற அறைக்குள்ள கொண்டு போய்க் கிடத்தினம். சனத்துக்கை ஒரு மருத்துவிச்சி இருந்தா, கடவுளே எண்டு. ஆம்பிளைப் பிள்ளை. ஆனால் பிள்ளையைச் சுத்த ஒரு நல்ல துணி இல்லை. எல்லாம் ஈரம், எல்லாம் சேறு.

அல்மாரிக்குள்ள பீடத்துத் துணி இருந்தது. நானே தைச்சு, நானே கரையில பூ வேலை செய்தது. பாஸ்குத் திருநாளுக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு, மட்டும் விரிக்கிறது. கத்தரிக்கோலை வைச்சன்.

"அது மந்திரிச்ச துணி" எண்டு கதவுக்கு வெளிய நிண்டு மூப்பர் சொல்லுறார்.

"இதுவும் மந்திரிச்ச பிள்ளைதான்" எண்டன். கிழிச்சன்.

அடுத்த நாள் ஆள் வாறார், கையில ஒரு கடுதாசிப் பார்சல். பிரிச்சுப் பாத்தால் கூறைச்சேலை. அவற்ற பெண்சாதியின்ர. அல்மாரியில போடுற பூச்சி முட்டை மணக்குது. "அடுத்த பிள்ளைக்கு இதைக் கிழியும்" எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சரிகைச் சேலையில பச்சைப் பிள்ளையைச் சுத்தினால் உடம்பெல்லாம் அறுக்காதே? ஆம்பிளையளுக்கு உது தெரியாது. "கொண்டு போங்கோ" எண்டன். கொண்டு போகேல்லை. வைச்சிட்டுப் போட்டார். பிறகு நான் அதைக் கோயில் மூலையில, பொம்பிளையள் உடுப்பு மாத்த மறைப்பாக் கட்டினன். அவர் அந்தப் பக்கம் வரேக்கை எல்லாம் நிலத்தைப் பாத்துக்கொண்டு போவார்.

இப்பிடித்தான் அஞ்சு மாசம். நான் ஒரு நாள் படுத்ததில்லை. காய்ச்சல் வந்தும் படுக்கேல்லை. ஆரும் கேட்டால் சொல்லுங்கோ.

பாஸ்கு முடிஞ்சு ரெண்டாம் கிழமை, சித்திரை மாசம், எங்கட தென்மராட்சிக்கும் சண்டை வந்திட்டுது. செல் எங்கட பனங்கூடலுக்குள்ளேயே விழத் தொடங்கிச்சு. சனத்தில பாதி திரும்பி வலிகாமத்துக்குப் போச்சு, பாதி கிளாலிக்கு ஓடிச்சு, கடலால வன்னிக்குப் போக. மூண்டு நாளில கோயில் வெறிச்சுப் போச்சு.

வெறிச்சுப் போச்செண்டு சொல்லக்கூடாது. ஏழு பேர் கிடந்தினம். நடக்க ஏலாததுகள். சிலருக்கு ஒருத்தரும் இல்லை, சிலரின்ர பிள்ளையள் வண்டில் பிடிச்சுக்கொண்டு வாறமெண்டு போனவை போனவைதான். நாலு பொம்பிளையள், மூண்டு ஆம்பிளையள். அதில கார்த்திகேசு மாஸ்ரர் எண்டு ஒருத்தர், ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தவர், கணக்குப் படிப்பிச்சவர். வாகனம் அனுப்புறதாச் சுவாமி சொல்லி விட்டிருந்தார். வாகனம் வரேல்லை. பிறகு பாதையும் இல்லை.

சிவகலைக்கு ஒரு கடிதம் கிடைச்சிருந்தது, புருசன் கிளிநொச்சியில நிக்கிறானெண்டு. பால் குடிக்கிற பிள்ளையோட அவள் கிளாலிக்குத் தனிய எப்பிடிப் போறது? சொல்லுங்கோ நீங்கள். கடல் தம்பி அது. சின்ன வள்ளத்தில போறது. நான்தான் பிள்ளையைத் தூக்க வேணும். வேற ஆர் இருக்கினம்? என்னோட கஞ்சி காய்ச்சின மற்ற நாலு பொம்பிளையளும் குடும்பத்தோட வெளிக்கிட்டுப் போட்டினம். நான் என்ர மிசினையும் விட்டிட்டு, ஒரு பெட்டியோட வெளிக்கிட்டன்.

ட்ராக்டர் வந்து நிக்குது. மூப்பர் கோயில் படியில இருந்து கிழவியள்ற துணி பிழிஞ்சுகொண்டிருந்தவர், எழும்பி வந்தார்.

"நீரும் போறீரோ?"

"போகாமல்? பிள்ளையை ஆர் தூக்குறது?"

"ஓம். அதுவும் சரிதான்" எண்டார். பிறகு கொஞ்ச நேரம் என்ர பெட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டார். "ஏழு பேர். அந்த நாலு பொம்பிளையளும் என்னைக் கழுவித் துடைக்க விடமாட்டினம், பெற்றோனிலா."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு கழுவுங்கோ" எண்டன் நான்.

சிரிச்சார். கடவுளறிய, அண்டைக்குத்தான் அந்த மனிசன் சிரிச்சு முதல் முதல் கண்டனான். முன்பல்லு ரெண்டு இல்லை. என்ர பெட்டியைத் தூக்கி ட்ராக்டரில வைச்சார். "பத்திரம்" எண்டார். அவ்வளவுதான். ட்ராக்டர் வெளிக்கிட்டுது.

பிள்ளையை நான் கரை சேத்தன். அதையும் எழுதுங்கோ. தகப்பன்ர கையில குடுத்தன். செந்தூரன் எண்டு பேர், இப்ப லண்டனில இஞ்சினியர், ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் போன் எடுப்பான்.

ஆறு வருசம் வன்னியில இருந்தன். ரெண்டாயிரத்து ரெண்டில பாதை திறந்த பிறகுதான் வந்தன். கோயிலுக்குக் கூரை இல்லை. பின்பக்கம் அஞ்சு குழி. ரெண்டில சிலுவை நட்டிருந்தது, மூண்டில வெறும் பூவரசந் தடி, கதியால், சைவ ஆக்களுக்கெண்டு. கதியால் துளிர்த்து மரமாகிப் போச்சு. ஆறாவது குழி கொஞ்சம் தள்ளி. அது மூப்பரின்ர.

கார்த்திகேசு மாஸ்ரர் உயிரோட இருந்தார். யாழ்ப்பாணத்தில சிஸ்டர்மார் நடத்திற முதியோர் இல்லத்தில. தேடிப் போனன். அவர்தான் சொன்னார். மூப்பர் ரெண்டரை மாசம் தனிய ஏழு பேரையும் பாத்தாராம். செல் வரேக்கை ஒவ்வொருத்தராச் சாக்கில கிடத்தி இழுத்துப் பீடத்துக்குக் கீழ கொண்டு போவாராம். செத்ததுகளைத் தானே குழி வெட்டித் தாட்டாராம். அஞ்சாம் ஆளைத் தாட்டிப்போட்டு வந்து படுத்தவர், காய்ச்சல். நாலாம் நாள் செத்துப் போட்டாராம். பிறகு ஆரோ வந்து அவரையும் தாட்டு, மிச்ச ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போனவையாம்.

மாஸ்ரர் இன்னொண்டும் சொன்னார். கஞ்சி வாயில தீத்தேக்கை, ஒவ்வொரு நாளும், மூப்பர் சொல்லுவாராம்: "இண்டைக்கு மட்டும் பொறுத்துக் குடியுங்கோ. பெற்றோனிலா வந்திடுவா. அவ வந்தால் நல்ல கஞ்சி."

ஆர் சொன்னது நான் வருவனெண்டு? நான் ஒரு வார்த்தை சொன்னனே? சொல்லாத சொல்லை வைச்சுக்கொண்டு அந்தக் கிழடுகளுக்கு என்னத்துக்கு ஆசை காட்டுறது? மாஸ்ரருக்கு முன்னாலேயே பேசிப்போட்டன். "அந்த மனிசன் செத்தும் என்னைக் குற்றவாளியாக்குது" எண்டு. மாஸ்ரர் நல்லா இருந்த கையால என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தார்.

இல்லைத் தம்பி, நான் அழேல்லை. கண்ணில பழுது எண்டு சொன்னன்தானே.

கல்லு வையுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அவரின்ர பேரை வெட்டுங்கோ, பெரிய எழுத்தில வெட்டுங்கோ. ஏழு பேரோட நிண்டவர் எண்டு வெட்டுங்கோ. ஆனால் கதவைத் திறந்தவர் எண்டு வெட்டினால் நான் உளியோட வந்து கொத்துவன், சொல்லிப்போட்டன். அவருக்கும் அந்தப் பொய் பிடிக்காது. பொய் சொல்லாத மனிசன்.

மற்றது, இன்னொண்டும் எழுத வேணும். விழா மலரில எண்டாலும் சரி. அவர் என்னை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் நான் நிண்டிருப்பன். பிள்ளையை வேற ஆரிட்டயும் குடுத்திட்டு நிண்டிருப்பன். "நில்லும் பெற்றோனிலா" எண்டு ஒரு சொல்லு. கேக்கேல்லை. வாய் திறந்து கேக்கேல்லை.

என்ன தம்பி அப்பிடிப் பாக்கிறீங்கள்? கேட்டவரோ? எது, பொம்பிளையள் கழுவ விடமாட்டினமெண்டு சொன்னதோ? உது கேள்வியே? ஒரு மனிசன் அப்பிடியே கேக்கிறது? நில்லும் எண்டெல்லோ சொல்ல வேணும்!

எழுதேல்லைத்தானே நீங்கள்? இவ்வளவு நேரமும் சும்மா கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்.

பேனையை இஞ்ச தாங்கோ.